ஆறு மாசத்துக்கு ஒரு ஆல்பம்!

உங்களுக்கு இருபது வயசு. நன்றாகப் பாடுவீர்கள். பாட்டும் நீங்களே எழுதுவீர்கள். டிரம்ஸ், பியானோ, கிதார் என்று கையில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பீர்கள். ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டு உட்காரவைத்து, குளிர்ச்சியாக எதையோ குடிக்கக் கொடுத்து, ஒரு பேப்பரை நீட்டுகிறது. "ஆறு மாசத்துக்கு ஒரு ஆல்பம் குடுத்தாப் போதும் தம்பி. மூணே வருஷம்தான்."

கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா?

நான் போட்டிருப்பேன். மூணு வருஷத்துக்கு ஆறு ஆல்பம், ஆறு ஆல்பத்துக்குச் சுமார் எழுபது பாட்டு என்ற கணக்கை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் போட்டுப் பார்த்திருப்பேன். இத்தனைக்கும் நான் பி.காம்.!

எமிட் ரோட்ஸ் என்ற அமெரிக்கப் பையனும் போட்டார். அந்தக் கையெழுத்து அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்த வாரக் கதை. பீட்டில்ஸ் தெரியும், ஏபிபிஏ தெரியும், இந்த ஆளைத் தெரியாதே என்று நெற்றியைச் சுருக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஏன் தெரியாமல் போயிற்று என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1950 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் எமிட். சின்ன வயசிலேயே குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு ஜாகை மாற்றி ஹாதார்ன் என்ற ஊருக்கு வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நடுத்தர வர்க்கத்து ஊர். பீச் பாய்ஸ் குழுவின் வில்சன் சகோதரர்கள் வளர்ந்ததும் இங்கேதான். அந்த ஊர்த் தண்ணீரில் என்னவோ இருந்திருக்கிறது.

பதினாலு, பதினைந்து வயசில் 'பேலஸ் கார்ட்' என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தார். நம் பையன்கள் டியூஷனுக்குப் போகிற வயசு. அப்புறம் 'மெர்ரி-கோ-ரவுண்ட்', அதாவது ராட்டினம் என்று சொந்தக் குழு ஆரம்பித்து, டிரம்ஸிலிருந்து எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். பாட்டு அவர் எழுதியது, குரல் அவருடையது. ஏ அண்ட் எம் கம்பெனி வெளியிட்டது. 1967-ல் வந்த 'லைவ்' என்ற பாட்டு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சக்கைப்போடு போட்டது. தேசிய அளவில் 63-ஆம் இடத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆனால் பாட்டுக்காரர்கள் காது வேறு காது. அவர்களுடைய இன்னொரு பாட்டைக் கடல் தாண்டி இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1968-ல் வந்த தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டாகவே வைத்தது. எழுதியவருக்கு அப்போது வயசு பதினெட்டு.

1969-ல் ராட்டினம் நின்றது. குழுக்கள் உடைவது ரொம்ப சகஜம். உடைந்த பிறகு எமிட் செய்ததுதான் சகஜம் இல்லை. இன்னொரு குழு சேர்க்கவில்லை. அப்பா அம்மா வீட்டுக் கார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு ஆம்பெக்ஸ் நாலு டிராக் ரெக்கார்டர். கொஞ்சம் மைக்குகள். ஒரு பியானோ, ஒரு டிரம் செட், கிதார்கள். ஆள்? அவர் ஒருவர்தான்.

இந்த நாலு டிராக் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் வரப்போகும் வம்பு புரிய இது வேண்டும். ஒரே டேப்பில் நாலு பாதை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதையில் பியானோ வாசித்துப் பதிகிறீர்கள். டேப்பை முதலுக்குச் சுற்றி, ஹெட்போனில் அந்தப் பியானோவைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது பாதையில் டிரம்ஸ். மறுபடி சுற்று. மூன்றாவதில் பேஸ் கிதார். நாலும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து ஒன்றாக்கி வேறு டேப்புக்கு மாற்றி, காலியான பாதைகளில் மறுபடி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் 'ஸ்ஸ்' என்ற டேப் இரைச்சல் ஒரு படி ஏறும். ஒருமுறை கலந்ததைப் பிரிக்க முடியாது. சாம்பாரில் உப்பு போட்ட மாதிரி.

குழுவாக இருந்தால் நாலு பேர் ஒரே சமயத்தில் வாசித்து மூணு நிமிஷத்தில் ஒரு பாட்டின் அஸ்திவாரத்தை முடித்துவிடலாம். தனி ஆள் அதையே நாலு தடவை வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தாளம் இடறினால் மறுபடி முதலிலிருந்து. பட்டனை அழுத்துவதும் அவர், ஓடிப்போய் டிரம்ஸ் முன்னால் உட்காருவதும் அவர், 'சரியா வரலை, இன்னொரு டேக்' என்று தன்னையே திட்டிக்கொள்வதும் அவர். தோராயமாகக் கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு பாட்டு. பாட்டுக்கு டிரம்ஸ், பேஸ், பியானோ, இரண்டு கிதார், முக்கியக் குரல், துணைக்குரல் இரண்டு. சுமார் நூறு தடவை, பிசகில்லாமல், ஒரே ஆள். பாட்டு எழுதிய நேரம் இதில் சேர்த்தி இல்லை.

அந்தச் சமயத்தில் இதே மாதிரி வீட்டில் நாலு டிராக் மெஷினை வைத்துக்கொண்டு தனியாக ஆல்பம் பண்ணிய இன்னொருவர் உண்டு. பெயர் பால் மெக்கார்ட்னி. அவருடைய 'மெக்கார்ட்னி' 1970 ஏப்ரலில் வந்தது. அவர் பீட்டில். ஆறு மாசம் ஆனாலும் ஆறு வருஷம் ஆனாலும் கேட்க ஆள் இல்லை.

எமிட்டின் டேப்பைக் கேட்ட ஏபிசி-டன்ஹில் கம்பெனி சொக்கிப்போயிற்று. 5,000 டாலர் முன்பணம் கொடுத்தது. அன்றைக்கு டாலர் ஏழரை ரூபாய். நம் பணத்தில் சுமார் முப்பத்தேழாயிரம். அதைக் கருவிகளுக்கே செலவழித்தார் எமிட். கார் வாங்கவில்லை. ஷெட்டில் இடம் ஏது!

1970-ல் அவர் பெயரிலேயே ஆல்பம் வந்தது. பன்னிரண்டு பாட்டு. கடைசிக் கலவையை மட்டும் கீத் ஆல்சனும் கர்ட் பெட்சரும் பார்த்துக்கொண்டார்கள். (இந்த ஆல்சன்தான் 1975-ல் ஃபிளீட்வுட் மேக் குழுவை உச்சிக்குக் கொண்டுபோன ஆல்பத்தைத் தயாரித்தவர்.) மற்றதெல்லாம் ஷெட் சரக்கு. கேட்டவர்கள் 'இது மெக்கார்ட்னியா?' என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். அந்தத் துள்ளும் பியானோ, அந்த இனிப்பான மெட்டு, கூடவே ஒரு மெல்லிய சோகம். எனக்கு என்னவோ அந்த வருஷத்து மெக்கார்ட்னியைவிட இந்தப் பையன் ஒரு மாற்றுத் தேவலை என்றுதான் படுகிறது. பீட்டில்ஸ் பக்தர்கள் கல்லை எடுக்கலாம்.

பில்போர்டு பட்டியலில் ஆல்பம் 29-ஆம் இடம். 'ஃப்ரெஷ் அஸ் எ டெய்ஸி' என்ற பாட்டு தனியாக 54. கார் ஷெட்டில் இருந்து வந்த சரக்குக்கு இது பிரமாதம்.

இங்கேதான் ஆரம்பித்தது ஏழரை.

முதலில் பழைய கம்பெனி. எமிட் பெயர் ஓட ஆரம்பித்ததும் ஏ அண்ட் எம் தன் அலமாரியைத் துழாவியது. அங்கே இருந்தபோது அவர் பதிவு பண்ணிப்போட்ட பாட்டுகள் தூசி படிந்து கிடந்தன. 'தி அமெரிக்கன் டிரீம்' என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். கடையில் ஒரே ஆளின் இரண்டு ஆல்பம், இரண்டு கம்பெனி. எது புதுசு, எது பழசு? வாங்க வந்தவர் குழம்பினார். சட்டப்படி தப்பில்லை. அவர்கள் சரக்கு, அவர்கள் விற்றார்கள். தன் சொந்தப் பாட்டே தனக்குப் போட்டியாக வந்து நிற்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அடுத்தது, நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்தப் பேப்பர். ஆறு மாசத்துக்கு ஒரு ஆல்பம். எமிட் ஷெட்டுக்குள் இரண்டாவது ஆல்பத்தை ஆரம்பித்திருந்தார். எழுதி, வாசித்து, அழித்து, மறுபடி வாசித்து... ஆறு மாசம் ஓடிவிட்டது. பாதிதான் முடிந்திருந்தது. 'மிரர்' என்ற அந்த ஆல்பம் முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று.

கம்பெனி என்ன செய்திருக்கும்? 'பரவாயில்லை தம்பி, நன்றாக வரட்டும்' என்று சொல்லியிருக்கும் என்று நினைத்தால் நீங்கள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். கேஸ் போட்டது. இரண்டரை லட்சம் டாலர் நஷ்ட ஈடு! அன்றைய ரேட்டில் சுமார் பதினெட்டே முக்கால் லட்சம் ரூபாய். கொடுத்த முன்பணத்தைப் போல ஐம்பது மடங்கு. அதோடு விட்டார்களா? ஏற்கெனவே விற்ற ஆல்பத்துக்கு வர வேண்டிய ராயல்டியையும் நிறுத்திவைத்தார்கள்.

கல்லூரியில் மெர்க்கன்டைல் லா பேப்பரில் ஒப்பந்தம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி அறுபத்தொன்று மார்க் வாங்கியவன் நான். இரண்டு தரப்பும் மனம் ஒப்பி ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் வரும். இங்கே ஒரே விஷயம்தான், 'ஆல்பம்'. கம்பெனி அதை ஸ்டூடியோவில் பத்துப் பேர் சேர்ந்து மூன்று வாரத்தில் முடிக்கிற சமாச்சாரம் என்று புரிந்துகொண்டது. பையனுக்கு அது ஷெட்டுக்குள் நூறு தடவை தனியாக வாசிக்கிற சமாச்சாரம். அவன் தனியாகச் செய்கிறான் என்பதற்காகத்தான் அவனைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு பேப்பரில் அதை மறந்துபோனார்கள்.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு இரண்டு ஆல்பம் என்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 1969-ல் மட்டும் மூன்று ஆல்பம் தள்ளியது. எல்டன் ஜான் 1973-ல் இரண்டு போட்டார், இரண்டும் ஹிட். ஆனால் எல்டனுக்குப் பாட்டு எழுத பெர்னி டாப்பின் இருந்தார், தயாரிக்க கஸ் டட்ஜன் இருந்தார், வாசிக்க ஒரு குழு இருந்தது. கிரீடென்ஸில் நாலு பேர். எமிட்டுக்கு எமிட்.

அந்த மன நிலையில் 'மிரர்' 1971-ல் வந்தது. பட்டியலில் 182. மூன்றாவதாக 'ஃபேர்வெல் டு பாரடைஸ்', 1973. சொர்க்கத்துக்கு டாட்டா! பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அது அதைவிடவும் சத்தமில்லாமல் வந்துபோயிற்று. அத்தோடு அவர் மைக்கை வைத்துவிட்டார். வயசு இருபத்து மூன்று, இருபத்து நாலு. நம்மில் பலர் முதல் சம்பளம் வாங்குகிற வயசு.

இதே மாதிரி இன்னொரு வழக்கு பின்னால் நடந்தது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

டாம் ஷோல்ஸ் என்று ஒருவர். எம்.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர், போலராய்டு கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிலவறையில் தனியாக உட்கார்ந்து டேப்பில் வாசித்துப் பதிந்துகொண்டே இருந்தார். அதுதான் 1976-ல் 'பாஸ்டன்' என்ற குழுவின் முதல் ஆல்பமாக வந்து கோடிக்கும் மேல் விற்றது. இரண்டாவது 1978-ல். கம்பெனி அவசரப்படுத்தியது, திருப்தி இல்லை என்று அவருக்கு மனக்குறை. மூன்றாவதை 'நான் முடிக்கும்போது முடியும்' என்று விட்டுவிட்டார். சிபிஎஸ் கம்பெனி கேஸ் போட்டது. கோடிக்கணக்கில் டாலர். ராயல்டியும் நின்றது.

அதே காட்சி, அதே வசனம். ஆனால் கிளைமாக்ஸ் வேறு. ஷோல்ஸ் அசரவில்லை. ஏனென்றால் அவர் நடுவில் சொந்தமாக ஒரு கம்பெனி வைத்து 'ராக்மேன்' என்று ஒரு குட்டிக் கருவி கண்டுபிடித்து விற்றுக்கொண்டிருந்தார். கிதாரைச் சொருகி ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். அது நன்றாக விற்றது. ராயல்டி வராவிட்டாலும் அடுப்பு எரிந்தது, வக்கீலுக்கும் ஃபீஸ் போயிற்று. மூன்றாவது ஆல்பம் 1986-ல் வேறு கம்பெனி மூலம் வந்து முதல் இடத்துக்குப் போயிற்று. 1990-ல் வழக்கிலும் ஷோல்ஸ் பக்கமே தீர்ப்பு.

எமிட்டிடம் விற்க வேறு சரக்கு இல்லை. முதல் கேஸ் வந்தபோது அவருக்கு வயசு இருபத்தொன்று. ஷோல்ஸுக்குக் கேஸ் வந்தபோது முப்பது தாண்டி, மாஸ்டர்ஸ் டிகிரியும் தொழிலும் இருந்தன. திறமையில் யார் உசத்தி என்று நான் தராசு பிடிக்க வரவில்லை. ராயல்டி நின்ற மாதம் மளிகைக் கணக்கை யாரால் தீர்க்க முடிந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இன்னொரு வேடிக்கை: ஷோல்ஸின் மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டது எம்சிஏ. அதே எம்சிஏதான் 1979-ல் ஏபிசி ரெக்கார்ட்ஸை வாங்கியிருந்தது. எமிட்டின் டேப்புகளும் அந்தப் பீரோவோடு சேர்ந்து போயின.

எமிட் என்ன செய்தார்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். எலெக்ட்ரா-அசைலம் கம்பெனியில் ரெக்கார்டிங் இன்ஜினீயராகவும் தயாரிப்பாளராகவும் வேலை. மற்றவர்கள் பாடுவார்கள், இவர் பட்டன்களை நகர்த்துவார். பெற்றோர் வீட்டுக்கு எதிர்ப்புறத்திலேயே ஒரு வீடு, அதிலும் ஒரு ஸ்டூடியோ. சொந்த ஆல்பம் என்று நடுவில் ஆரம்பித்ததெல்லாம் பாதியில் நின்றன. மணமுறிவு, சர்க்கரை நோய், மனச்சோர்வு என்று வருஷங்கள் ஓடின. எட்டு வருஷமோ பத்து வருஷமோ இல்லை சார், நாற்பது வருஷம்.

இதற்கிடையில் பாட்டுகள் மட்டும் அவரைக் கேட்காமலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. 1984-ல் பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு தங்கள் ஆல்பத்தில் அந்தப் பழைய 'லைவ்' பாட்டைப் பாடியது. 2001-ல் வெஸ் ஆண்டர்சன் தன் 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தில் 'லல்லபை'யை வைத்தார். முதல் ஆல்பத்துத் தாலாட்டு. படம் பார்த்தவர்கள் 'யார் இந்த ஆள்?' என்று தேட ஆரம்பித்தார்கள். 2009-ல் 'தி ஒன் மேன் பீட்டில்ஸ்' என்று இவரைப் பற்றி ஒரு ஆவணப்படம். எடுத்தவர் கோசிமோ மெஸ்ஸேரி என்ற இத்தாலிக்காரர். ஹாதார்னில் இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்க ரோமாபுரி தேசத்திலிருந்து வரவேண்டியிருந்தது! அதே வருஷம் பழைய ஆல்பங்கள் எல்லாம் சிடியாகத் திரட்டி வெளிவந்தன.

கிறிஸ் பிரைஸ் என்ற இளம் இசைக்காரர் விடாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பாடுங்க, எழுதுங்க என்று வருஷக்கணக்கில் நச்சரிப்பு. கடைசியில் எமிட் மசிந்தார். பதிவு அவருடைய வீட்டு ஸ்டூடியோவிலேயே. ஆனால் இந்தத் தடவை தனியாக இல்லை. பேங்கிள்ஸின் சூசன்னா ஹாஃப்ஸ் வந்தார், ஏமி மான் வந்தார், வில்கோ குழுவின் நெல்ஸ் கிளைன், ஜெல்லிஃபிஷ் குழுவில் இருந்த ஜேசன் ஃபாக்னர், ஜான் பிரயன் என்று ஒரு பட்டாளமே வந்தது. சின்ன வயசில் இவர் பாட்டைக் கேட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள். அன்றைக்கு டிரம்ஸுக்கும் டேப்புக்கும் நடுவில் ஓடிய ஆள் இப்போது கிதாரோடு உட்கார்ந்து பாடினால் போதும்.

'ரெயின்போ எண்ட்ஸ்' 2016 பிப்ரவரி 26-ல் வந்தது. அவருடைய அறுபத்தாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள். குரலில் பழைய வெல்லப்பாகு இல்லை, கரகரப்பு ஏறியிருந்தது. பாட்டுகளில் பிரிவும் கசப்பும் அதிகம். முதல் ஆல்பத்தை நினைத்துக்கொண்டு போட்டால் முதல் இரண்டு நிமிஷம் ஏமாற்றமாக இருக்கும். அப்புறம் அந்த மெட்டு வளைகிற விதத்தில் அதே பையன் தலை நீட்டுவான். விமர்சகர்கள் நன்றாகவே எழுதினார்கள்.

டன்ஹில் கேட்டது ஆறு. எமிட் கொடுத்தது மூன்று. நாலாவதைக் கொடுக்கும்போது டன்ஹில் என்று ஒரு கம்பெனியே இல்லை. லேட், நாற்பத்து மூன்று வருஷம்.

2020 ஜூலை 19-ல் ஹாதார்னில் அந்த வீட்டிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். வயசு எழுபது.

அந்த முதல் ஆல்பம் இப்போது சுலபமாகக் கேட்கக் கிடைக்கிறது. பன்னிரண்டும் கேட்க நேரமில்லை என்றால் 'லல்லபை'யை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷத்துச் சொச்சம்தான். பஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.